கேட்கப் போன இடத்தில்

திருத்தலங்களுக்குச் செல்கிறவர்களிடம் "எதற்காகச் செல்கிறீர்கள்?" என்று வினவினால், பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றே: "மாதாவிடம் ஒன்று கேட்க வேண்டும்." மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, தீராத நோய்க்குத் தீர்வு, முடியாத வழக்குக்கு முடிவு ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று, மடியில் முடிந்த காணிக்கையோடு நெஞ்சிலும் முடியப்பட்டிருக்கும். அதில் குற்றமில்லை. தந்தையிடம் பிள்ளைகள் கேட்பது போலக் கேட்கும்படி நம் ஆண்டவரே நமக்குக் கற்பித்திருக்கிறார்.

ஆயினும், அன்பு வாசகர்களே, நம் தமிழில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வேண்டுவதும் கேட்டல், செவிசாய்ப்பதும் கேட்டல். சொன்னபடி நடக்கும் பிள்ளையைக்கூட, 'சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை' என்றே நம் தாய்மார் பாராட்டுவர். ஐம்பது வயதைக் கடந்த பின்னரும் நான் இவற்றுள் முதற்பொருளை மட்டுமே அறிந்தவனாய் இருந்தேன். மற்றப் பொருளை எனக்கு உணர்த்தியது, சென்ற தவக்காலத்தில் நான் மேற்கொண்ட ஒரு சிறு பயணம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்திற்குச் சென்ற அந்த ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

நான் கொண்டுசென்ற விண்ணப்பம்

பெரம்பலூருக்கு அருகில் ஒரு சிற்றூர் எங்களுடையது. கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் எங்கள் பக்கத்துப் பயிர்கள். மழையையும் கிணற்றையும் நம்பியே உழவு நடைபெறும். எங்கள் தந்தையார் மறைந்தபின், நிலத்தை நானும் என் தம்பியும் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். கிணற்றைப் பிரிக்க இயலாதன்றோ! ஆகவே அது பொதுவாயிற்று. ஒரு நாள் எனக்கும் மறுநாள் அவனுக்குமாக முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், கிணற்றில் நீர் அடிமட்டத்திற்குச் சென்றிருந்தது. மும்முனை மின்சாரமும் சில மணி நேரமே கிடைத்தது. என் முறையாகிய ஓர் இரவில் என் தம்பி மோட்டாரை இயக்கித் தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டான். மறுநாள் விடியற்காலையில் அவன் என் வீட்டு வாயிலுக்கு வந்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அத்துடன் பேச்சு நின்றது. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்தனர். நான் இணங்கவில்லை. கிணறு முழுவதும் எனக்கே உரியதெனக் கூறி வழக்குத் தொடுத்தேன்.

இருவரும் ஒரே கோவிலுக்குத்தான் செல்வோம். அவன் குடும்பம் பீடத்திற்கு இடப்புறம். என் குடும்பம் வலப்புறம். திருப்பலியில் ஒருவருக்கொருவர் அமைதியை வாழ்த்தும் வேளை வரும்போது, நான் என் வலப்பக்கத்தில் நிற்பவரை மட்டும் வணங்குவேன். ஆறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. வழக்கு தீர்ப்பை நெருங்கிய வேளையில், வெற்றி எனக்கே கிட்ட வேண்டுமென மாதாவிடம் கேட்பதற்காக நான் ஏலாக்குறிச்சிக்குப் புறப்பட்டேன். கேட்க வேண்டியதை மறவாதிருக்க ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

கடலாயிருந்த நிலம்

விடியுமுன் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினேன். ஓட்டுநருக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் திரைப்பாடல். முன்னிருக்கை இளைஞரின் கைப்பேசியில் வேறொரு பாடல். சாலையிலோ சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளின் இடையறாத இரைச்சல். அரியலூரைச் சுற்றிலும் சிமெண்டு ஆலைகள் பல உள்ளமையால், இச்சாலைக்கு ஓய்வென்பதே இல்லை. அந்த இரைச்சல் எனக்குத் தொல்லையாகத் தோன்றவில்லை. என் உள்ளத்தில் அதனினும் பெரிய இரைச்சல் இருந்தது. வழக்கறிஞரிடம் என்ன கூறுவது, தம்பி என்ன கூறுவான், அதற்கு நான் என்ன மறுமொழி கூறுவது என்று இருதரப்பு வாதத்தையும் நானே நடத்திக்கொண்டு வந்தேன்.

இப்பகுதியின் சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று நாம் பெரம்பலூர், அரியலூர் என்றழைக்கும் இந்நிலத்தின் பெரும்பகுதி கடலடியில் கிடந்தது. அக்கடல் பின்வாங்கியபோது, அதில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் சுருள் ஓட்டு உயிரினங்களும் மண்ணோடு படிந்து கல்லாயின. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில், 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அது சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. 1940ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார்.

அதற்கு முன்னும் அம்மரம் அங்கேதான் கிடந்தது. அவ்வழியே எத்தனையோ தலைமுறையினர் ஆடு மேய்த்தனர், வண்டி ஓட்டினர். ஆனால் நின்று, குனிந்து, 'இது யாது?' என்று உற்று நோக்கிய பின்னரே அந்தக் கல் ஒரு பழங்கடலின் கதையைக் கூறலாயிற்று. பள்ளிப் பருவத்தில் நான் அதனைக் கண்டபோது கல் என்றே கண்டேன். இறைவனுடைய பேச்சும் அவ்வாறே நம் அன்றாட வழியில் கிடக்கிறது போலும்! அவர் பேசவில்லை என்பதன்று நம் குறை; நாம் நிற்பதில்லை என்பதே.

மருதையாற்றின் நினைவு

அரியலூரை அடைந்தபோது, இருப்புப்பாதையில் தொடர்வண்டியொன்று திருச்சிராப்பள்ளியை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. எங்கள் தந்தையார் எத்தனையோ முறை கூறிய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், இருள் பிரியாத வேளையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தருகே கவிழ்ந்தது. பெருமழையால் பெருகிய வெள்ளம் பாதையை அரித்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அப்போது மத்திய இரயில்வே அமைச்சராய் இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் பாலத்தைக் கட்டியவரும் அல்லர். வண்டியை ஓட்டியவரும் அல்லர். தப்பித்துக்கொள்ள நூறு காரணங்கள் கூறியிருக்கலாம். அவரோ பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதும் அவர் பதவி விலக முன்வந்ததுண்டு. பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்றார்.

சாஸ்திரி கிறிஸ்தவர் அல்லர். எனினும் மனச்சான்று என்னும் குரல் எல்லா மனிதருக்குள்ளும் ஒலிக்கிறது என்பது நம் திருச்சபையின் படிப்பினை. மனிதன் தன் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறை அது என்றும், அங்கே இறைவனின் குரல் எதிரொலிக்கிறது என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் விளக்கியுள்ளது. பிறர் குற்றத்தைக் கணக்கிடும் இரைச்சலில் அக்குரல் நமக்குக் கேட்பதில்லை. 'என் பங்கு யாது?' என்று வினவுகிறவனுக்கே அது கேட்கும்.

இதனையெல்லாம் இப்போது தெளிவாக எழுதுகிறேன். அன்று பேருந்தில் அமர்ந்திருந்தபோது, மாண்டவர்களை எண்ணி ஒரு செபம் சொன்னேன்; பின்னர் மீண்டும் என் வழக்குக்கே திரும்பிவிட்டேன்.

கொள்ளிடக்கரையை நோக்கி

அரியலூரிலிருந்து தஞ்சைச் சாலையில் தெற்கே கீழப்பழுவூர். அதற்கும் அப்பால் திருமானூர். இடையே சாலையிலிருந்து விலகிச் சென்றால் கரைவெட்டி ஏரி. மேட்டூர் அணையின் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிறையும் இவ்வேரி, பறவைகளின் புகலிடம். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2024ஆம் ஆண்டில் இது அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் இமயத்தையும் கடந்து வரித்தலை வாத்துகள் இங்கு வருகின்றன. வழிகாட்டும் பலகையின்றி, வரைபடமின்றி, தம்முள் வைக்கப்பட்ட ஓர் அழைப்பைக் கேட்டு அவை வருகின்றன. மீண்டும் அதனையே கேட்டுத் திரும்புகின்றன.

திருமானூரில் இறங்கி, வேறு வண்டி ஏறினேன். சாலையின் இருபுறமும் காட்சி மாறிற்று. பெரம்பலூர்ப் பக்கத்து வறண்ட மேட்டு நிலம் மறைந்து, கொள்ளிடத்துப் படுகையின் பசுமை தொடங்கிற்று. சற்று நேரத்தில் ஏலாக்குறிச்சிக் கோவில் கோபுரம் தெரிந்தது. உடன் வந்த பெண்கள் முக்காடிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டனர்.

கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த இத்திருத்தலத்தின் பழம்பெயர் திருக்காவலூர். இப்பெயரைச் சொன்னவுடன் நம் நினைவுக்கு வருபவர் வீரமாமுனிவர். அடைக்கல அன்னையின் காவலில் வாழும் ஊர் என்று இதனைப் போற்றி, 'திருக்காவலூர்க் கலம்பகம்' என்னும் சிற்றிலக்கியத்தை அவர் பாடினார். அரியலூரை ஆண்ட மழவராயர் ஒருவர் இராசபிளவை நோயால் துன்புற்றார் என்றும், முனிவர் அன்னையை மன்றாடி அவ்விடத்து மண்ணையும் நீரையும் இட்டதால் நலம் பெற்றார் என்றும், நன்றிக் கடனாகக் கோவிலுக்கு நிலம் வழங்கினார் என்றும் வழிவழியாக வழங்கி வருகிறது. இன்றும் நோயுற்றோர் பலர் இங்கு வருவதற்கு அந்நினைவும் ஒரு காரணம்.

கேட்டுக் கற்ற முனிவர்

கோவில் வளாகத்தில் ஒரு மர நிழலில் அமர்ந்து முனிவரைப் பற்றி எண்ணலானேன். கான்ஸ்டன்டைன் சோசப் பெஸ்கி என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1680ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து, 1710ஆம் ஆண்டு கோவாவில் வந்திறங்கி, அதன்பின் தமிழகம் போந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர். இறைவாக்கைப் போதிக்க வந்தவர் முதலில் செய்தது யாது? வாய் திறவாமல் செவி திறந்தார். சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரை ஆசிரியராகக் கொண்டார் என்பர். ஓதுவித்ததைக் கேட்டார், ஊரார் பேசியதைக் கேட்டார், தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டார். கேட்டுக் கேட்டே தமிழானார்.

அவர் செவியின் நுட்பத்திற்கு ஒரு சான்று கூறுவேன். பழைய ஓலைச் சுவடிகளில் எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேறுபாடு காட்டக் குறில்மேல் புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் எழுதுவோர் அதனை விட்டுவிடுவர். அதனால் 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் பார்வைக்கு ஒன்றாகிவிடும். நெருப்பா, நீர்நிலையா என்பதைப் படிப்பவர் ஊகித்தே உணர வேண்டும்! இக்குழப்பம் நீங்க, நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்தவர் வீரமாமுனிவர் என்று தமிழ் வரலாறு அவருக்கு நன்றி கூறுகிறது. செவிக்குத் தெளிவாய் இருந்த வேறுபாட்டைக் கண்ணுக்கும் தெளிவாக்கினார்.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தார். பொருட்பாலில் 'கேள்வி' என ஓர் அதிகாரமே உண்டு. கற்றோர் சொல்லைச் செவிமடுப்பதன் பெருமையை வள்ளுவர் பத்துக் குறட்பாக்களில் கூறுகிறார். ஒரு துறவி அவ்வதிகாரத்தைப் பெயர்க்கும்போது என்ன எண்ணியிருப்பார்! இலத்தீனில் கீழ்ப்படிதல் என்னும் சொல்லின் வேரும் கேட்டல் என்பதே. அதனை அறிந்த அவருக்குத் தமிழின் 'சொல் கேட்டல்' புதிதாகத் தோன்றியிராது.

அவருடைய பெருங்காப்பியம் தேம்பாவணி. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல். அதன் தலைவர் யார்? நம் புனித சூசையப்பர். வளன் என்று முனிவர் அவருக்குத் தமிழ்ப்பெயர் சூட்டினார். நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள்: சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. காப்பியத்தில் கவிஞர் அவரைப் பேச வைத்தார். நற்செய்தியிலோ அவர் கேட்பவராகவே வருகிறார். மரியாளை ஏற்றுக்கொள் என்று கனவில் வானதூதர் கூறினார், ஏற்றுக்கொண்டார். பிள்ளையோடு எகிப்துக்கு ஓடு என்றார். இரவோடு இரவாக எழுந்து புறப்பட்டார். திரும்பு என்றார், திரும்பினார். கலிலேயாவுக்குச் செல்லுமாறு எச்சரிக்கப்பட்டார், அங்கே குடியேறினார். நான்கு கனவுகள்; நான்கு முறையும் விவாதமில்லை. ஒரு சொல்லும் பேசாதவரைப் பற்றி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்! செவிசாய்த்து வாழ்ந்த ஒரு வாழ்வுக்குள் அவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது.

அடைக்கல மாதாவின் முன்

கோவிலுக்குள் சென்றேன். நண்பகல் ஆகவில்லை, கூட்டமும் இல்லை. முழந்தாளிட்டு, சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, எழுதியிருந்தவாறே வேண்டினேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. எழ முயன்றபோது என் பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டியைக் கண்டேன். நான் வந்ததிலிருந்து அவர் உதடு அசையவில்லை, செபமாலையும் உருளவில்லை. கண்கள் மட்டும் பீடத்தை நோக்கியிருந்தன. கூலிவேலை செய்யும் கைகள் மடியில் கிடந்தன. வெளியே வந்தபோது அவரும் வந்தார்.

"என்ன பாட்டி, வெகு நேரமாக அமர்ந்திருந்தீர்களே, மாதாவிடம் என்ன கேட்டீர்கள்?" என்று வினவினேன்.

அவர் சிரித்தார். "நான் ஒண்ணும் கேக்கலய்யா. சும்மா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார்.

"என்ன கேட்டது?"

"எல்லா நாளும் கேக்குமா? கேக்கலன்னாலும் அம்மா வீட்டுல வந்து உக்காந்த மாதிரி இருக்குதே, அது போதாதா?" என்று கூறியபடி, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்துவிட்டார்.

நான் மீண்டும் கோவிலுக்குள் சென்றேன். இம்முறை தாளை எடுக்கவில்லை. அவர் அமர்ந்திருந்த இடத்திலேயே அமர்ந்தேன். முதலில் என் வழக்கின் வாதங்களே வந்தன. அவற்றை விரட்ட முயன்றேன், பெருகின. பின்னர் விரட்டாமல் விட்டுவிட்டேன். களைத்த பிள்ளைகள் போல அவை ஒவ்வொன்றாய் அடங்கின. அப்போது நண்பகல் மணி ஒலித்தது. வானதூதர் கூறியதைக் கேட்டு, அவ்வாறே ஆகட்டும் என்று ஓர் இளம்பெண் இசைந்ததை அன்றாடம் மூன்று முறை நினைவூட்டும் மணி. மூவேளைச் செபத்தைச் சொல்லி முடித்து, மீண்டும் அமர்ந்திருந்தேன்.

அந்த அமைதியில் எனக்கு ஒரு குரல் கேட்டது. வானதூதரின் குரல் அன்று. மாதாவின் குரலும் அன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு விடியற்காலையில், சாத்திய என் கதவுக்கு வெளியே நின்று என் தம்பி கூறிய சொற்கள்: "அண்ணே, ஒரு வார்த்தை கேளுங்க."

இத்தனை ஆண்டுகளில் அவன் செய்ததை நான் ஆயிரம் முறை நினைத்ததுண்டு. அவன் சொல்ல வந்ததை ஒருமுறையும் நினைத்ததில்லை. அந்த 'ஒரு வார்த்தை' யாது? எனக்குத் தெரியாது. நான் கேட்கவேயில்லை! தம்பியின் ஒரு சொல்லைக் கேளாதவன், மாதாவிடம் வந்து என் சொல்லைக் கேளும் என்று மன்றாடிக்கொண்டிருக்கிறேன். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே விட்டுவிட்டு முதலில் சென்று ஒப்புரவாகும்படி ஆண்டவர் கூறியதை எத்தனை ஞாயிறுகளில் வாசிக்கக் கேட்டிருப்பேன்! அன்றுதான் அது என் காதில் விழுந்தது.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும். உண்மை அதுவன்று. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் திரும்பினேன். வழிநெடுக அதனைத் தடவிப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். தம்பி வீட்டுக்குச் செல்வது வழக்கில் தோற்பதினும் கடினமாகத் தோன்றிற்று.

அந்த ஒரு வார்த்தை

மூன்றாம் நாள் மாலை அவன் வீட்டுத் திண்ணையில் போய் நின்றேன். அவன் மனைவி திடுக்கிட்டு உள்ளே ஓடினாள். தம்பி வெளியே வந்தான், தலை நரைத்திருந்தான். பக்கத்துத் தெருவில் இருந்தும் அதனை நான் கவனித்ததில்லை.

"அன்றைக்கு ஒரு வார்த்தை கேளுங்கள் என்றாயே, தம்பி. இன்றைக்குச் சொல். கேட்க வந்திருக்கிறேன்," என்றேன்.

சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, பிறகு சொன்னான். அவ்வாண்டு அவன் வெங்காயம் ஊன்றி அது மூன்றாம் நாள். உயிர்த்தண்ணீர் பாய்ச்சாவிட்டால் ஊன்றியதெல்லாம் கருகிவிடும். அவன் முறை நாளிலோ மின்சாரம் வரவில்லை. என்னுடைய வெங்காயம் ஒரு மாதப் பயிர். ஒரு நாள் தாங்கும். மாலையில் என்னைத் தேடி வந்திருக்கிறான். நான் வெளியூர் சென்றிருந்தேன். வேறு வழியின்றிப் பாய்ச்சிவிட்டு, ஒரு முறைக்கு இரண்டு முறையாகத் திருப்பித் தருகிறேன் என்று கூறவே விடியற்காலையில் வந்திருக்கிறான்.

இவ்வளவே அந்த ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். கேளாததற்கு ஆறு ஆண்டுகள் ஆயின. எரிக்கும் ஏரிக்கும் வேறுபாடு தெரியாமல் படித்தவன் போல, நீர் கேட்டு வந்தவனிடம் நான் நெருப்பைக் கண்டிருக்கிறேன்.

எல்லாம் உடனே நேராகிவிடவில்லை. வழக்கை இருவரும் சமாதானமாக முடித்துக்கொண்டோம். ஆயினும் வரப்பைப் பற்றிய சிறு பிணக்கு ஒன்று இன்னும் உளது. ஆறு ஆண்டுகளாக ஒருவரையொருவர் அறியாமல் வளர்ந்த பிள்ளைகள் பழகுவதற்குக் காலம் பிடிக்கிறது. ஆனால் உயிர்ப்பு ஞாயிறன்று திருப்பலியில் அமைதியை வாழ்த்தும் வேளையில், நான் இடப்புறம் திரும்பினேன்.

நம் இல்லங்களில்

"நீ கேட்டது இறைவனின் குரல்தான் என்று எவ்வாறு கூறுவாய்? உன் நினைவே உன்னோடு பேசியிருக்கலாமே?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்வி. நம்முள் எழும் குரல்கள் அனைத்தும் இறைவனுடையவை அல்ல. வீரமாமுனிவரின் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், இக்குரல்களைப் பகுத்தறியும் முறையைத் தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் வகுத்துத் தந்தார். என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை மட்டும் கூறுகிறேன். நற்செய்திக்கு முரணான குரல் இறைவனுடையது அன்று. என்னை உயர்த்திப் பிறரைத் தாழ்த்தும் குரலும் அவருடையது அன்று. கேட்டவுடன் கசந்து, பணிந்தபின் நெஞ்சில் அமைதியை நிலைநிறுத்துவதாயின், அதனை மதிக்கலாம். ஐயம் எழுந்தால் பங்குத் தந்தையையோ பக்குவமுள்ள ஒருவரையோ அணுகிக் கலந்து பேசுவதே முறை. சிறுவன் சாமுவேலுக்கும், அழைப்பவர் யாரென்று தெரிவிக்க முதிய ஏலி தேவைப்பட்டார் அன்றோ!

இப்பயிற்சிக்கு ஏலாக்குறிச்சி வரை செல்ல வேண்டுவதில்லை. மூன்று சிறு வழக்கங்களை எங்கள் இல்லத்தில் தொடங்கியிருக்கிறோம். இரவுச் செபமாலை முடிந்தவுடன் எழுந்துவிடாமல், கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு, மூன்று நிமிடம் அனைவரும் பேசாமல் அமர்ந்திருக்கிறோம். தொடக்கத்தில் பிள்ளைகள் நெளிந்தனர். இப்போது நான்தான் நெளிகிறேன். அடுத்து, ஞாயிறு நற்செய்தியைச் சனிக்கிழமை இரவே ஒருவர் நிதானமாக வாசிக்க, மனத்தில் தங்கிய ஒரு சொல்லை மட்டும் ஒவ்வொருவரும் கூறுகிறோம், விளக்கம் கூறுவதில்லை. மூன்றாவதாக, உறங்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கிறோம்: 'இன்று யாருடைய பேச்சை நான் முழுவதும் கேட்கவில்லை?' மனைவியா, மகனா, வேலையாளா, வாசலில் வந்து நின்ற ஏழையா? மறுநாள் அவரிடம் சென்று கேட்டுவிட வேண்டும் என்பது எங்கள் உடன்பாடு.

இம்மூன்றாவது வழக்கமே எனக்கு மிகவும் கடினம்; மிகவும் பயன்பட்டதும் அதுவே. இறைவன் பெருங்காற்றிலோ நிலநடுக்கத்திலோ நெருப்பிலோ பேசாமல், மெல்லிய ஓசையில் பேசியதை எலியா இறைவாக்கினர் மலையில் உணர்ந்தார். நமக்கு அந்த மெல்லிய ஓசை பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் கேட்கிறது. நாம் கதவைச் சாத்திவிட்டு, பேருந்து ஏறித் திருத்தலத்திற்குச் சென்றுவிடுகிறோம்.

அடுத்த முறை அடைக்கல மாதாவிடம் செல்லும்போது தாராளமாகக் கேளுங்கள், தாய் மறுக்கமாட்டாள். கேட்டு முடித்தபின் உடனே எழுந்து பேருந்துக்கு விரையாமல், சற்று நேரம் அங்கேயே அமர்ந்து கேளுங்கள். எனக்கும் என் தம்பிக்கும் இடையிலிருந்த கிணற்றில் இப்போதும் கோடையில் நீர் குறைவுதான். முறை தவறும் நாள்களும் உண்டு. அப்போது அவன் வருவான், அல்லது நான் செல்வேன். ஒரு வார்த்தை சொல்வோம். ஒரு வார்த்தை கேட்போம்.